சிலாம்பு ஏறினால்: கேட்டவர்களுக்குப் பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் முப்பது வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கட்டுப் போடும் அறையில் எடுத்த சிலாம்புக்கும் (சிராய் என்றும் சொல்வோம்) முள்ளுக்கும் கணக்கே இல்லை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒகேனக்கல்: பரிசல் பின்னுகிறேன். மூங்கில் சிலாம்பு விரலில் ஏறினால், பிடுங்கும்போது பாதியில் ஒடிந்துவிடுகிறது.

தம்பி, மூங்கில் நார் நாராகப் பிரியும், அதனால்தான் ஒடிகிறது. முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் காய விடு. திண்ணைக்கு வந்து, வெயில் பக்கவாட்டில் விழும்படி விரலைச் சாய்த்துப் பார். தோலுக்கு அடியில் பழுப்பாக ஒரு கோடு தெரியும். கோட்டின் ஒரு முனையில் சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் ஏறிய வாசல். எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில்தான் திரும்பி வரும். நேர் மேலே இழுத்தால் ஒடியத்தான் செய்யும்.

முனை உள்ளே போய்விட்டால் புது ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, வாசலில் தொடங்கிக் கோட்டின் மேலேயே மேல்தோலை மட்டும் மெல்லக் கீறித் திற. உழைத்த கையில் தோல் தடித்திருக்கும், இதற்குப் பெரிதாக வலிக்காது. ரத்தம் வந்தால் ஆழம் போய்விட்டாய் என்று அர்த்தம். உமி அளவு முனை தெரிந்ததும் ஊசியால் நெம்பி, இடுக்கியால் அடியோடு பிடித்து நிதானமாக இழு. எடுத்ததை வெள்ளைத் துணியில் வைத்து அந்தக் கோட்டின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார். நீளம் குறைந்தால் மீதி உள்ளே இருக்கிறது. ஒன்று மட்டும்: எடுப்பதற்கு முன்னால் பிதுக்காதே. பிதுக்கினால் உள்ளேயே சிதறும்.

காவேரிப்பட்டணம்: மாங்காய் மண்டியில் கள்ளிப்பெட்டி தூக்கும்போது கையில் சிராய் ஏறுகிறது. வெந்நீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

வேண்டாம் கண்ணு. மரம் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும், அப்புறம் பிய்ந்து பிய்ந்துதான் வரும். காய்ந்த கையில் எடு.

பாலக்கோடு: சப்பாத்திக்கள்ளியின் பொடி முள் கை நிறைய ஏறிவிட்டது.

கொத்தாக இருப்பதை முதலில் இடுக்கியால் எடுங்கள். மீதிக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைத் தடவி, மேலே மெல்லிய கட்டுத்துணியை ஒட்டி, முழுக்கக் காய்ந்ததும் உரியுங்கள். முள் பசையோடு வந்துவிடும். சட்டென்று ஒட்டும் பசை கூடவே கூடாது.

ஓசூர்: பசுமைக்குடிலில் ரோஜா பறிக்கிறேன். முள் குத்தி மூன்று வாரம் ஆகிறது. குத்திய இடத்தில் ஒரு கட்டி, அதற்கு மேலே கை நெடுக வரிசையாக இன்னும் இரண்டு.

வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாதீர்கள் அம்மா. மண்ணிலும் செடியிலும் இருக்கும் ஒரு பூஞ்சையால் வரும் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற நோய் இப்படித்தான் வரிசை கட்டி ஏறும். மாத்திரை மாதக் கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும், ஆனால் குணமாகும். தோல் மருத்துவரிடம் ரோஜா முள் குத்தியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டை: இதற்கெல்லாம் ஊசி எதற்கு? எருக்கம்பால் ஒரு சொட்டு விட்டால் முள் தானாக வெளியே வரும். எங்கள் தாத்தா அப்படித்தான் எடுப்பார்.

வேண்டாம் ஐயா. எருக்கம்பால் தோலை அரித்துப் புண்ணாக்கும். சீழ் வைத்துத் தோல் இளகும்போது முள் சில நேரம் வெளியே வருவது உண்மைதான். அதை மருந்து எடுத்தது என்று நினைக்கிறோம், எடுத்தது சீழ். இதைவிடப் பெரிய பயம் எனக்குக் கண்தான். கடலைக்காட்டில் முள் குத்திய பையன் ஒருவன் எருக்கம்பால் வைத்த விரலால் கண்ணைக் கசக்கிவிட்டான். மறுநாள் காலையில், “வலிக்கவே இல்லை அக்கா, எல்லாம் பனி மூட்டமா தெரியுது” என்றான். கருவிழி வீங்கியிருந்தது. வலி இல்லாததால்தான் ஒரு ராத்திரி முழுக்க வீட்டில் இருந்திருக்கிறான். கண்ணில் பட்டால் அந்த நிமிடமே நல்ல தண்ணீரை நிறைய விட்டுக் கழுவி, கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பாப்பாரப்பட்டி: தேன்கனிக்கோட்டைக்காரர் சொல்வது சரிதான். மலையில் ஆஸ்பத்திரி ஏது? முன்னோர் முட்டாள்களா?

அப்படி நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அதே முன்னோர் இடுப்புக் கயிற்றில் முள்வாங்கி கட்டியிருந்தார்களே, அதை ஏன் விட்டுவிட்டோம்? ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் என் கண் முன்னால் கருவேல முள்ளை மூன்றே அசைவில் எடுத்தார். என் இடுக்கி அவ்வளவு சுத்தமாகப் பிடித்ததில்லை. கருவி நம்முடையது, கைத்திறனும் நம்முடையது. எருக்கம்பால் மட்டும் போகட்டும் என்கிறேன்.

மொரப்பூர்: தண்ணீரில் ஊறவைத்தால்?

மேலே சொல்லிவிட்டேன்.

அரூர்: அம்மாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் சிராய்.

வீட்டில் தொடாதீர்கள். இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நகத்துக்கு அடியில், மூட்டின் மேல், கண்ணில் ஏறியதற்கும் இதே பதில்.

ஊத்தங்கரை: டெட்டனஸ் ஊசி அவசியமா?

சிறுவயது ஊசிகளை முழுக்கப் போட்டவர் என்றால், மண், சாணி பட்ட காயத்துக்குக் கடைசி ஊசி 5 வருடத்துக்குள் இருக்க வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்கு 10 வருடம். நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம்: ஆட்டுக் குளம்பில் முள்.

கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

பென்னாகரம்: ஈச்சமுள் குத்தி இரண்டு மாதம். விரல் மூட்டு வீங்கியே இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

மரமும் முள்ளும் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேனில் தெரியும், வயிற்றுக்கு எடுப்பார்களே அதே அல்ட்ராசவுண்ட். ஈச்சமுள் முனை ஒடிந்து மூட்டுக்குள் தங்கினால் இப்படி மாதக் கணக்கில் வீங்கும். எலும்பு மருத்துவரிடம் காட்டி, ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

மாரண்டஹள்ளி: எருக்கம்பால் வைத்து மேலே வெற்றிலை கட்டினால்?

கூடாது. வெற்றிலை கட்டினாலும் கூடாது.

தேன்கனிக்கோட்டை, மறுபடியும்: தாத்தாவின் முள்வாங்கி இன்னும் வீட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பயன்படுத்தலாமா?

தாராளமாக. துரு இல்லையே? வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அழுத்தும்போது இரண்டு முனையும் இடைவெளி இல்லாமல் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் கொதிக்கிற தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு, காய்ந்ததும் ஸ்பிரிட்டில் துடைத்து எடுங்கள்.