எடை குறைக்கும் ஊக்கம் ஏன் பாதியிலேயே வற்றிவிடுகிறது?

ஆர்வமாகத் தொடங்கிச் சில வாரங்களில் விட்டுவிடுவதாகவும், நிலைத்து நிற்கும் ஊக்கத்தை எங்கே தேடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எடைக்கருவியில் தேடாதீர்கள். உடலில் நீரின் அளவு மாறினாலே ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும், இறங்கும். அந்த எண்ணை நம்பியவரை அந்த எண்ணே சோர்வடையச் செய்துவிடும். மூச்சு வாங்காமல் மாடி ஏறுவது, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டு நடப்பது போன்றவை உங்களுக்கே உரிய காரணங்கள். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகியோரின் சுயநிர்ணயக் கோட்பாடும் இதையே வலியுறுத்துகிறது: பிறர் பேச்சுக்கு அஞ்சிச் செய்வதைவிட நாமே மதித்துச் செய்வது நீடிக்கும். கேலிக்குப் பயந்து இளைக்க நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பல் துலக்கியதும் காலணியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடங்கள். நேரமும் செயலும் முன்பே முடிவாகியிருந்தால் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 2010இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், ஒரு செயல் பழக்கமாகப் படியச் சராசரியாக 66 நாள்கள் பிடித்தன; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகக் குலைக்கவில்லை. எனவே நேற்று நடக்காவிட்டால், இன்று இரட்டிப்பாக நடந்து ஈடுகட்ட முயல வேண்டாம். வழக்கமான பத்து நிமிடமே போதும்.