தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்களா?

கேள்வி: மரச்சில்லு எரித்து மின்சாரம் எடுக்கும் சிறு ஆலை போடத் திட்டம். காய்ந்த சில்லைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த விலைக்குப் பச்சைச் சில்லு தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஈரமே இல்லாத மரம் கிலோவுக்குச் சுமார் 18.5 மெகாஜூல் வெப்பம் தரும். காய்ந்த சில்லில் 20 சதவீத ஈரம் இருந்தால் 14.3. பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர் என்று வையுங்கள், வெறும் 8! அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே ஒரு கிலோ தண்ணீருக்கு 2.4 மெகாஜூல் போய்விடுகிறது. டன் விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தும், கிடைக்கும் வெப்பத்துக்குக் கணக்குப் போட்டால் நீங்கள் 19 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். லாரி வாடகை வேறு; அதுவும் எடைக்குத்தான்.

எனவே வெப்பத்துக்கு விலை பேசுங்கள். ஒவ்வொரு லோடிலும் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து, 1,000 கிராமை 105 டிகிரி செல்சியஸ் சூட்டடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். 640 கிராம் மிஞ்சினால் ஈரம் 36 சதவீதம். குறைந்த 360 கிராமையே காய்ந்த எடையான 640 ஆல் வகுத்தால் 56 சதவீதம் என்று வரும். எந்தக் கணக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் சண்டை நிச்சயம்.

பச்சைச் சில்லை வாங்கி வந்து காயவைக்கலாமே என்று தோன்றும். உயரமாகக் குவிக்காதீர்கள். சில நாள் கழித்துக் குவியலைக் கிளறும்போது கை பொறுக்காத சூடும் ஆவியும் வந்தால், நுண்ணுயிர்கள் உங்கள் எரிபொருளைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று பொருள். அப்படியே விட்டால் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும்.

கேள்வி: 1 மெகாவாட்டுக்கு எவ்வளவு எரிபொருள் தேவை?

பதில்: சிறிய நீராவி ஆலையின் திறன் 20 சதவீதம் என்று கொண்டால், 20 சதவீத ஈரமுள்ள சில்லில் ஒரு யூனிட்டுக்கு 1.26 கிலோ. ஆண்டுக்கு 7,000 மணி நேரம் ஓட்ட 8,800 டன் வேண்டும். விசிறி, பம்பு ஆகியவற்றுக்கு ஆலையே எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் கழித்துத்தான் விற்பனையைக் கணக்கிட வேண்டும்.

பக்கத்தில் நீராவி தேவைப்படும் தொழிற்சாலை இருந்தால் முதலில் அங்கே பேசுங்கள். நல்ல கொதிகலன் எரிபொருளின் வெப்பத்தில் 75 சதவீதத்துக்கு மேல் நீராவியாகக் கொடுத்துவிடும். அதே கிலோவிலிருந்து கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆற்றலை விற்கலாம். ஒரு யூனிட் வெப்பத்துக்கு மின்சார விலை கிடைக்காது, உண்மை. ஆனால் டர்பைனுக்கான முதலீடும் வட்டியும் மிச்சம்.

கேள்வி: வைக்கோல் மலிவாகக் கிடைக்கிறது. சில்லோடு கலக்கலாமா?

பதில்: மரத்துக்கென வடிவமைத்த கொதிகலனில் தயாரிப்பாளரைக் கேட்காமல் கலக்காதீர்கள். வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகித் தட்டிலும் குழாயிலும் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்; குளோரின் குழாயை அரிக்கும். அறுத்ததும் சில மழை நனைந்து மீண்டும் காய்ந்த வைக்கோலில் இவை இரண்டும் கரைந்து குறைந்திருக்கும். மாட்டுக்கு ஆகாதென்று ஒதுக்கும் அந்த நிறம் மங்கிய வைக்கோல்தான் அடுப்புக்கு நல்லது.