விடுதலை ஆகியும் ‘நிலுவை’யா? வாசகர் கேள்வி – பதில்

போலீஸ், கோர்ட், சிறை மூன்றும் வழக்கு விவரங்களைக் கணினி வழியே பகிர்ந்துகொள்வது பற்றி வந்த கேள்விகளில் சில.

கே: 2014-ல் ஓர் அடிதடி வழக்கில் என்னை ஏ4 ஆக, அதாவது நான்காவது எதிரியாகச் சேர்த்தார்கள். 2019-ல் விடுதலை. இப்போது பாஸ்போர்ட் விசாரணையில் ‘வழக்கு நிலுவை’ என்று அறிக்கை போயிருக்கிறது. எப்படி?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், திண்டுக்கல்

ப: போலீஸ் பதிவும் கோர்ட் பதிவும் தனித்தனி. எஃப்.ஐ.ஆர். போட்டதும் அது சி.சி.டி.என்.எஸ். என்ற போலீஸ் கணினித் தொகுப்பில் ஏறிவிடும். மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்), ஆண்டு, இவைதான் அங்கே அடையாளம். கோர்ட்டில் அதே வழக்குக்கு 16 எழுத்து, எண் கொண்ட சி.என்.ஆர். என்ற தனி அடையாளம் இருக்கும். இரண்டையும் இணைப்பது ஐ.சி.ஜே.எஸ். என்ற பொதுக் கணினி அமைப்பு. கோர்ட் குற்றப்பத்திரிகையைக் கோப்பில் எடுத்தபோது (விசாரணைக்கு ஏற்றபோது) குற்ற எண்ணையோ ஆண்டையோ தவறாகத் தட்டியிருந்தால் இணைப்பு விழாது. அப்போது தீர்ப்பு விவரத்தை ஐ.ஐ.எஃப்.-6 படிவத்தில் நிலையத்திலேயே ஏற்ற வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிய அவசரம் இருக்கிறது, தீர்ப்பை ஏற்ற அந்த அவசரம் யாருக்கும் இல்லை. பல வழக்குகள் இப்படித்தான் தொங்குகின்றன.

உங்களுக்கு வேறு காரணமும் இருக்கலாம். உடன் இருந்தவர்களில் ஒருவர் தலைமறைவானால் அவர் பங்கைப் பிரித்துப் புது சி.சி. எண் (கோர்ட் வழக்கு எண்) கொடுப்பார்கள். நீங்கள் விடுதலையானாலும் குற்ற எண் ஒன்றுதான். பிரித்த வழக்கு முடியாதவரை அந்த எண் ‘விசாரணையில்’ என்றே காட்டும். நிலையத்தில் இதை முதலில் கேளுங்கள்.

அடுத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் ‘எஃப்.ஐ.ஆர். எண்’ வழியாகத் தேடுங்கள். உங்கள் வழக்கு ‘முடிந்தது’ என்று வந்தால் கோர்ட் பக்கம் சரி. வராவிட்டால் இணைப்பு அறுந்திருக்கிறது, சி.சி. எண்ணை வைத்துத் தேடி சி.என்.ஆரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்குங்கள். ஜெராக்ஸ் காரியத்துக்கு ஆகாது. குற்ற எண், சட்டப் பிரிவுகள், சி.சி. எண், சி.என்.ஆர்., தீர்ப்புத் தேதி, மேல்முறையீடு உண்டா இல்லையா எல்லாம் எழுதி, ‘ஐ.ஐ.எஃப்.-6-ல் ஏற்றவும்’ என்று அந்தச் சொல்லாலேயே கேட்டு இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு, மாவட்டக் குற்ற ஆவணப் பிரிவுக்கு ஒரு மனு. இரண்டுக்கும் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். ‘என் மீதான வழக்கை நீக்கவும்’ என்று எழுதினால் மனு ஓரம் போய்விடும். பதிவு நீங்காது, ‘விடுதலை’ என்ற முடிவோடு நிற்கும். அதுவே உங்களுக்குப் போதும்.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இன்னொரு சான்றிட்ட நகலோடு தனியாகப் பதில் எழுதுங்கள். 1967 பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) பிரிவு, கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால்தான் தடை என்கிறது. விடுதலையானவருக்கு அது பொருந்தாது. நீதிமன்றம் கோப்பில் எடுக்காத வெறும் எஃப்.ஐ.ஆரும் அதில் சேராது என்று வெளியுறவு அமைச்சகம் 2019-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கே: நான் எந்த ஸ்டேஷனுக்கும் போனதில்லை. ஆனால் என் பெயரில் வேறு மாநிலத்தில் திருட்டு வழக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள்.
– வாசகர், கரூர்

ப: பெயர்ப் பொருத்தம் செய்த கோளாறாக இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ‘செ. முருகேசன்’ ஓர் இடத்தில் முருகேசன் எஸ்., இன்னோர் இடத்தில் எஸ். முருகேசன், வடக்கே போனால் முருகேசன் செல்வராஜ். ழகரம் வந்தால் ஆங்கில எழுத்தில் இன்னும் நாலு வடிவம். பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம் போட்டுத் தேடினால் கிடைப்பது ‘இவராக இருக்கலாம்’ என்ற பட்டியல் மட்டுமே. ஆளை உறுதி செய்ய ரேகைதான் வேண்டும்.

எந்த நிலையம், எந்தக் குற்ற எண் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த மாநிலப் போலீஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆரைத் தேடி எடுங்கள். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவை தவிர மற்றவற்றை 24 மணி நேரத்தில் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016 உச்ச நீதிமன்ற உத்தரவு. அதில் உள்ள தந்தை பெயர், முகவரி, வயதுக்கு எதிரே உங்கள் பள்ளிச் சான்றையும் ஆதாரையும் வைத்து மறுப்பு மனு கொடுங்கள். அப்போதும் பிடிவாதம் பிடித்தால், கைதானவரின் ரேகையோடு ஒப்பிடச் சொல்லி எழுதுங்கள். 2022-ல் தொடங்கிய ‘நஃபிஸ்’ ரேகைத் தொகுப்பில் ஆளுக்கு ஒரு பத்து இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்.

கே: விடுதலையான பின் என் ரேகையை அழிக்கச் சொல்ல முடியுமா?
– வாசகி, தூத்துக்குடி

ப: முடியும், தானாக நடக்காது. 2022 குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி ரேகை போன்ற உடல் அளவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு சிறைத் தண்டனைக் குற்றம் எதிலும் தண்டிக்கப்படாதவர், விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலையானாலோ, மேல்முறையீட்டு வாய்ப்புகள் எல்லாம் தீர்ந்த பிறகு அழிக்க வேண்டும். காரணம் எழுதி கோர்ட் வேறாக உத்தரவிட்டால் கிடையாது. மாநில அரசு நியமித்த பொறுப்பு அதிகாரிக்கு மனு போக வேண்டும். அவர் சரிபார்த்து தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் பரிந்துரைப்பார். நிலையத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் வேலை நகராது.

கே: ரயிலில் பை திருடு போனது ஆந்திராவில். சென்னையில் புகார் வாங்க மறுக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

ப: கூடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவுப்படி எல்லையைப் பார்க்காமல் பதிய வேண்டும். இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். எல்லைக்குரிய நிலையத்துக்குப் போனதும் அங்கே புது எண் விழும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்பார்கள். இணையத்தில் புகார் தந்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

கே: மகன் 16 வயதில் பைக் திருட்டு வழக்கில் சிக்கினான். சிறார் வாரியம் முடித்துவைத்தது. வேலைக்கான போலீஸ் சான்றில் வருமா?
– ஒரு தாய், சேலம்

ப: வரக் கூடாது. 2015 சிறார் நீதிச் சட்டம் 74(2): முடிந்த வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறெதற்காகவோ போலீஸ் வெளியிடக் கூடாது. 24-வது பிரிவுப்படி மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவையே அழிக்க வாரியம் உத்தரவிட வேண்டும். 16 வயது நிரம்பிய பிறகு செய்த கொடுங்குற்றத்துக்கு விலக்கு உண்டு. பைக் திருட்டு அந்த வகையில் வராது. வாரியத்தின் இறுதி உத்தரவில் அழிப்பு பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வாரியத்திலேயே மனு போடுங்கள்.