கெப்டன் என்றால் எந்தப் படையில் கெப்டன்?

கேள்வி: தேர்தல் வரும்போதெல்லாம் எங்கள் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் வேட்பாளர்களின் விபரம் ஒட்டுவோம். இந்த முறை கேட்கப்போவதாகச் சொல்லும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நோட்டீஸில் தன் பெயருக்கு முன்னால் 'கெப்டன்' என்று போட்டிருக்கிறார். கீழே, 'யுத்த காலத்தில் கிழக்கில் 15 வருடம் சேவையாற்றியவர், குடும்பிமலைச் சமரின் சாட்சி, பதக்கம் பெற்றவர்' என்று இருக்கிறது. இன்னொருவர் கூட்டங்களில் 'நான் இயக்கத்தில் களமாடியவன்' என்கிறார். ஊரில் பாதிப்பேர் இரண்டு கதையையும் நம்பவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே இப்படிப் பொய் சொன்னால் மறியல் (சிறை) என்கிறார். இங்கே எப்படிச் சரிபார்ப்பது?
வாசிகசாலைச் செயலாளர், பாண்டிருப்பு

பதில்: மச்சான் சொன்னதில் பாதிதான் சரி. அமெரிக்காவில் 2006 இல் அப்படி ஒரு சட்டம் வந்தது உண்மை. கலிபோர்னியாவில் தண்ணீர்ச் சபை ஒன்றின் உறுப்பினரான சேவியர் அல்வாரஸ், தான் 25 வருடம் மரைன் படையில் இருந்ததாகவும் நாட்டின் அதியுயர் வீரப் பதக்கம் வாங்கியதாகவும் சபைக் கூட்டத்தில் சொன்னார். எல்லாம் பச்சைப் பொய். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டது: பேச்சுச் சுதந்திரத்துக்குள் வெறும் பொய்யும் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். 2013 இல் வந்த புதிய சட்டத்தின்படி, பொய்யாகப் பதக்கம் சொல்லிக் காசோ சொத்தோ வேறு கண்கூடான பயனோ பெற முயன்றால்தான் குற்றம்.

ஆனால் ஒரெகன் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த வெஸ் கூலி 1997 இல் குற்றவாளியானார். கொரியப் போரில் விசேட படையில் இருந்ததாக அவர் சொன்னது மேடையில் மட்டுமல்ல. வாக்காளருக்கு மாநிலம் அச்சிட்டுக் கொடுக்கும் உத்தியோகபூர்வக் கையேட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். வாயால் சொன்னதற்கு இல்லாத தண்டனை தாளில் எழுதியதற்குக் கிடைத்தது. ஆகவே, உங்கள் ஆள் எதை மைக்கில் சொன்னார், எதை அச்சில் போட்டார் என்பதை முதலில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். நோட்டீஸில் ஒரு பிரதியைத் திகதி போட்டு எடுத்து வையுங்கள். கதை மாறும்போது முதல் நோட்டீஸ்தான் முதலில் காணாமல் போகும்.

அடுத்தது சொற்கள். முழுப் பொய் சொல்கிற அரசியல்வாதி குறைவு. உண்மையான சேவை ஒன்றை இழுத்து நீட்டுகிறவர்தான் அதிகம். அந்த நீட்டல் சின்னச் சொற்களில் ஒளிந்திருக்கும். அமெரிக்க அரசியல்வாதி ரிச்சர்ட் புளூமென்தால் 1970 முதல் 1976 வரை மரைன் ரிசேர்வ் படையில் இருந்தவர். வியட்நாம் மண்ணை மிதிக்கவில்லை. 'வியட்நாம் காலத்தில்' என்று அவர் சொன்ன இடங்கள் சரி. 2008 இல் ஒரு மேடையில் 'வியட்நாமில் சேவையாற்றிய நாட்களில்' என்று சொன்னது பிழை. 2010 இல் பத்திரிகை அதைப் பிடித்தது. வாய் தவறிவிட்டது என்றார், அந்த வருடமே செனட் தேர்தலில் வென்றும்விட்டார். தமிழில் 'காலத்தில்' என்ற ஒட்டு இன்னும் வசதியானது. 'யுத்த காலத்தில் கிழக்கில் சேவையாற்றியவர்' என்ற வசனம் மட்டக்களப்பில் 1990களில் வேலை பார்த்த தபாற்காரருக்கும் பொருந்தும். 'சமரின் சாட்சி' என்பதும் அப்படித்தான். மட்டக்களப்பு மாவட்டத்தின் குடும்பிமலையை (தொப்பிகல) புலிகளிடமிருந்து இராணுவம் பிடித்தது 2007 ஜூலை 11 இல். அந்த மாதம் அவர் எந்த அணியில், என்ன பதவிநிலையில், எங்கே நின்றார் என்று சொல்ல முடியாவிட்டால், அவர் ரேடியோவில் கேட்ட சாட்சியாகவும் இருக்கலாம்.

இனி அந்தக் 'கெப்டன்'. ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். பாடசாலைகளில் மாணவர் படையணிக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களுக்குத் தேசிய மாணவர் படையணி அதிகாரிப் பதவி கொடுக்கிறது. இரண்டாம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கெப்டன், மேஜர் என்று ஏறிப் போகலாம். ரந்தம்பையில் பயிற்சி, தோளில் நட்சத்திரம், முறையான நியமனம் எல்லாம் உண்டு. அது போலிப் பதவி அல்ல. ஆனால் பிள்ளைகளுக்கு அணிவகுப்புப் பழக்கிய கெப்டனும் படையணி ஒன்றில் கம்பனி நடத்திய கெப்டனும் நோட்டீஸில் ஒரே எழுத்தில்தான் வருவார்கள்.

இதே குழப்பம் நம் பக்கத்தில் இன்னும் சில இடங்களில் வரும். அம்பாறை, மட்டக்களப்பில் யுத்த காலம் முழுக்க நின்ற விசேட அதிரடிப்படை பொலிஸைச் சேர்ந்தது, இராணுவம் அல்ல. அங்கே கெப்டன் இல்லை, இன்ஸ்பெக்டர்தான். எல்லையூர்களில் நின்ற ஊர்காவல் படையினர் 2006 இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குள் வந்தார்கள். அதுவும் இராணுவம் அல்ல. இராணுவத்துக்குள்ளேயே நிரந்தரப் படை, தொண்டர் படை என்று இரண்டு உண்டு. தொண்டர் என்றதும் இளக்காரமாக நினைத்துவிட வேண்டாம், தொண்டர் படையணிகளும் களத்தில் நின்றிருக்கின்றன. கேட்கிற கேள்வி 'நீங்கள் ஆமியா?' என்று இருந்தால் எல்லோரும் ஓம் என்பார்கள். 'எந்தப் படை, எந்தப் படையணி, சேர்ந்த வருடம், விலகிய வருடம், விலகும்போது என்ன பதவி, எப்படி விலகினீர்கள்' என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை ஆட்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். ஓய்வு, ஒப்பந்தம் முடிந்து விலகல், மருத்துவக் காரணம், பதவியாணை விலக்கப்படல் (அதிகாரி நியமனம் பறிபோவது), தப்பியோடிப் பொதுமன்னிப்பில் விடுபடல் எல்லாமே 'முன்னாள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

பதவியிலும் நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் 2024 இல் துணை ஜனாதிபதி வேட்பாளரான டிம் வால்ஸ் 24 வருடம் நெஷனல் கார்ட் என்ற பகுதிநேரப் படையில் இருந்தவர். கொமாண்ட் சார்ஜன்ட் மேஜர் என்ற பதவியை உண்மையாகவே வகித்தார். அதற்குரிய பாடநெறியை முடிக்காததால், 2005 இல் ஓய்வுபெற்றபோது ஓய்வூதியக் கணக்கில் ஒரு படி கீழே மாஸ்டர் சார்ஜன்ட் என்றே பதிவானது. 'அந்தப் பதவியில் ஓய்வுபெற்றவர்' என்பது பிழை, 'அந்தப் பதவியில் இருந்தவர்' என்பது சரி. பிரசாரக் குழு பிறகு வசனத்தை அப்படியே திருத்தியது.

பதக்கத்துக்கு வருவோம். 'பதக்கம் பெற்றவர்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அநேகமாக வீரப் பதக்கம் இல்லை. வீரப் பதக்கம் வாங்கியவர் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார். பெயருக்குப் பின்னால் எழுத்தும் போட்டுக்கொள்வார். ரணசூர பதக்கம் என்றால் ஆர்.எஸ்.பி., ரணவிக்ரம என்றால் ஆர்.டப்ளியூ.பி. இவை களத்தில் ஓர் ஆள் காட்டிய துணிச்சலுக்கு. உத்தம சேவா பதக்கம் அப்பழுக்கற்ற நீண்ட சேவைக்கு. கிழக்கு மனிதாபிமான நடவடிக்கைப் பதக்கம் போன்றவை அந்த நடவடிக்கையில் பங்கெடுத்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுபட்டவை. தேச புத்ர சம்மானய காயப்பட்டவருக்கும் உயிரிழந்தவருக்கும் உரியது. எல்லாவற்றுக்கும் மேலானது பரம வீர விபூஷணய. அதை வாங்கியவர்களில் அநேகமானோருக்கு இறந்த பிறகே கிடைத்தது. உயிரோடு மேடையில் நின்று அதைச் சொல்கிறவரிடம் தாளைக் கேட்க யோசிக்கவே வேண்டாம்.

சரிபார்க்கக் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் கெசட், அதாவது அரச வர்த்தமானி. இராணுவ அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு, ஓய்வு, பதவியாணை விலக்கல் எல்லாம் வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் முதலாம் பகுதியில் அச்சாகும். பெயரோடு 'ஓ/' என்று தொடங்கும் அதிகாரி இலக்கமும் இருக்கும். நிரந்தரப் படையா, தொண்டர் படையா என்பது தலைப்பிலேயே தெரியும். அண்மைக்கால இதழ்கள் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் கிடைக்கும். தமிழ்ப் பிரதியில் பெயரைத் தேடினால் பழைய எழுத்துருவால் அகப்படாமல் போகும். ஆங்கிலப் பிரதியில், முதலெழுத்துகளை விட்டுவிட்டுக் கடைசிப் பெயரை மட்டும் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: கோப்ரல், சார்ஜன்ட் போன்ற சிப்பாய்ப் பதவிகள் இப்படிக் கெசட்டில் வருவதில்லை. ஆகவே கெப்டனைப் பிடிக்கலாம், கோப்ரலைப் பிடிக்க முடியாது. கோப்ரலிடம் விடுவிப்புச் சான்றிதழைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த வழி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இராணுவத் தலைமையகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வியை இப்படிச் சுருக்குங்கள்: 'இந்தப் பெயரும் இந்தப் பிறந்த வருடமும் உடையவர் இலங்கை இராணுவத்தின் நிரந்தர அல்லது தொண்டர் படையில் சேவையாற்றினாரா? ஆம் எனில் சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகியபோது பதவிநிலை, வழங்கப்பட்ட பதக்கங்கள்.' இதே கடிதத்தைத் தேசிய மாணவர் படையணிக்கும் ஒன்று அனுப்புங்கள்; உங்கள் விஷயத்தில் பதில் அங்கிருந்து வரத்தான் சாத்தியம் கூட. எந்த முகாமில் நின்றார், எந்த நடவடிக்கையில் போனார் என்று கேட்காதீர்கள். பாதுகாப்பு விதிவிலக்கைக் காட்டி முழு விண்ணப்பத்தையும் ஓரம் கட்ட அது சாக்காகிவிடும்.

பதில் தருவதா என்று 14 வேலைநாளுக்குள் தீர்மானிக்க வேண்டும்; தகவல் அதிகமாக இருந்தால் அதைக் கொடுக்கும் காலத்தை நீட்டிக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலும் மறுப்பு 'தனிப்பட்ட தகவல்' என்ற பெயரில்தான் வரும். அந்த விதிவிலக்குக்குச் சட்டத்திலேயே இரண்டு கதவு உண்டு: பொதுநலன் மேலோங்கினால் தரலாம், சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் தரலாம். ஆகவே விண்ணப்பம் போடுமுன் வேட்பாளரிடம் ஒரு வரி சம்மதக் கடிதம் கேளுங்கள். கொடுத்தால் வேலை சுகம். 'பாதுகாப்பு இரகசியம்' என்று மழுப்பினால், தன் சேவைக்காலத்தையே இரகசியம் என்கிறவர் அதை ஏன் நோட்டீஸில் அடித்தார் என்று சபையில் கேட்கலாம். வேட்புமனு முடிந்தால் வாக்களிப்புக்குச் சில வாரங்களே இருக்கும். இந்தக் கடிதப் போக்குவரத்து அதற்குள் முடியாது. இப்போதே தொடங்குங்கள்.

இயக்கத்துக்காரர் விஷயம் வேறு, இதே முறையை அங்கே போட வேண்டாம். அங்கே கெசட் இல்லை, தாள் இல்லை. 'இயக்கம்' என்ற சொல்லே நம் பக்கத்தில் எத்தனையோ தமிழ் ஆயுத அமைப்புகளைக் குறிக்கும். 1980களில் என்றால் எந்த இயக்கம்? 1989 இல் என்றால் இந்திய அமைதிப்படையின் ஆதரவோடு பிள்ளைகளைப் பிடித்துச் சேர்த்த தமிழ்த் தேசிய இராணுவமா? 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்த பிறகு என்றால் எந்தப் பக்கம்? அவர் மேடையில் தானாகச் சொன்னதை வைத்து இந்த வருடக் கணக்கை மட்டும் அவரிடமே கேளுங்கள். கூட இருந்தவர்களைத் தேடிப்போய் விசாரிக்காதீர்கள். யுத்தம் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு பெற்று வந்தார்கள். பலர் குடும்பம், கடை, வயல் என்று பேசாமல் இருக்கிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிற நாட்டில் ஒரு நோட்டீஸைச் சரிபார்க்கப் போய் அப்படி ஒருவரின் வீட்டு வாசலுக்கு ஆட்களைக் கூட்டி வரக்கூடாது. அவருடைய கூற்றைப் பலகையில் எழுதுவதானால் 'தாமே கூறியது' என்று போடுங்கள், அவ்வளவு போதும்.

உங்கள் பக்கத்துக்கு ஒரு பாதுகாப்பு. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்யான தகவலை வெளியிடுவது தேர்தல் சட்டத்தில் குற்றம். முகநூலில் போட்டால் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் இழுப்பார்கள். 'கெசட்டில் இல்லை' என்பதற்கும் 'பொய்க் கெப்டன்' என்பதற்கும் நடுவே ஒரு வழக்குத் தூரம் உண்டு. தேடிய காலம், தேடிய இதழ்கள், அகப்படவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள். அவர் தாள் காட்டினால் அதைப் படம் எடுத்து ஒட்டாதீர்கள், அடையாள அட்டை இலக்கம் இருக்கும். படை, சேர்ந்த வருடம், விலகிய வருடம், பதவி என்ற நாலு விபரத்தை அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதி, கீழே கையெழுத்து வாங்குங்கள். தாளில் மாணவர் படையணி என்று இருந்தால் பலகையில் 'கெப்டன், தேசிய மாணவர் படையணி' என்று வருடத்தோடு முழுதாக எழுதிவிடுங்கள். அவர் கோபித்தால், அவருடைய நோட்டீஸில் விடுபட்ட சொற்களைத்தான் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லலாம்.