ஓடாத காரில் ஓடும் காட்சி: குறும்பட இயக்குநர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நாயகன் இரவில் கார் ஓட்டியபடி மனைவியுடன் 6 நிமிடம் பேசுகிறான். காரை ஏற்றிச் செல்லும் லாரிக்குப் பணம் இல்லை. நடிகரே ஓட்டலாமா? (மதுரை)

பதில்: வேண்டாம். வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டு மனைவியின் முகத்தையும் பார்ப்பவரின் கண் சாலையில் நிற்காது. உங்கள் காட்சி இரவில் நடப்பது ஒரு வரம். மூடிய கார் நிறுத்தம் ஒன்றில் காரை நிறுத்தி, சுற்றிலும் கறுப்புத் துணி கட்டிவிட்டால், ஓட வேண்டியது வெளிச்சம் மட்டும்தான். 30 மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுமார் 2.7 வினாடிக்கு ஒரு கம்பம் கடக்கும். லைட்மேன் ஒருவர் மஞ்சள் ஜெல் (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) ஒட்டிய சிறிய எல்இடி விளக்கைக் கழியில் கட்டி, அந்தத் தாளத்தில் பானெட்டுக்கு முன்னாலிருந்து கூரைக்கு மேலே கொண்டுவர வேண்டும். நிஜச் சாலையில் கம்பம் நெருங்க நெருங்கக் கூரையின் நிழல் முதலில் நெற்றியை மூடும், பிறகு முகத்தில் இறங்கி மடியில் போய் முடியும். அந்த நிழல் சரியாக இறங்கினாலே பார்வையாளர் பாதி நம்பிவிடுவார்.

பின்னால் வரும் வண்டிக்கு, ஒரே கட்டையில் கட்டிய இரண்டு டார்ச் விளக்குகள் ஃபோகஸுக்கு வெளியே மெல்ல அசைந்தால் போதும். ஓடுவதுபோல் காரைக் குலுக்குவதற்காகப் பம்பருக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நெம்பாதீர்கள். இன்றைய பம்பர்கள் பிளாஸ்டிக் என்பதால் உடைந்துவிடும். டிக்கியின் மேல் கைவைத்து எப்போதாவது லேசாக அமுக்கினால் போதும், ஆனால் பலர் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிவிடுகிறார்கள்.

சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என் முதல் குறும்படத்தில் இதற்காகச் சாவியைத் திருப்பியே வைத்திருந்து, டாஷ்போர்டு விளக்கையும் எரியவிட்டதில், மூன்று மணி நேரத்தில் பேட்டரி இறங்கிவிட்டது. இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைத்துக் கிளப்ப உதவும் ஜம்பர் கேபிள் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

கேள்வி: பகல் காட்சிக்குப் பச்சைத் துணி கட்டலாமா? (கோவை)

பதில்: ஜன்னலுக்கு அப்பால் பச்சைத் துணி கட்டி, எடிட்டிங்கில் அதை நீக்கிச் சாலைக் காட்சியைச் சேர்க்கலாம், ஆனால் பச்சை கண்ணாடியிலும் கார் பெயின்டிலும் தலைமுடி ஓரத்திலும் படிந்து, எடிட்டிங் மேசையில் உங்களை வாட்டும். 65 அங்குல டிவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, முன்னரே எடுத்த சாலைக் காட்சியை ஜன்னலுக்கு அப்பால் ஓடவிடுவதே மேல். க்ளோஸப்புக்கு அது போதும், வைடு ஷாட்டுக்குப் போதாது. டிவி ஃபோகஸுக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லையேல் திரையின் புள்ளிகள் கோலம் போட்டதுபோல் தெரியும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சாலைக் காட்சியையும் நடிப்பையும் வினாடிக்கு 25 ஃபிரேமில், 1/50 வினாடி ஷட்டரில் எடுத்தால் விளக்குத் துடிப்புத் தொல்லை பெரும்பாலும் வராது.

எந்தப் பக்கத்துச் சாலையை எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓட்டுநரை இடப்பக்க ஜன்னலிலிருந்து எடுத்தால் அவருக்குப் பின்னால் தெரிவது வலப்பக்கம், அதாவது மீடியனும் எதிரே வரும் வண்டிகளும். பக்கத்து இருக்கைக்காரருக்குப் பின்னால் நடைபாதையும் கடைகளும். ஒருமுறை வலப்பக்கக் காட்சி எடுக்க மறந்த நாங்கள், இடப்பக்கத்தையே திருப்பிப் போட்டு ஒப்பேற்றினோம். திரையிடலில் மருந்துக்கடைப் பலகையின் தமிழ் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஓடின. சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது.

கேள்வி: ஈரானிய இயக்குநர்கள் நிஜமாகவே ஓடும் காரில் எடுக்கவில்லையா? (சென்னை)

பதில்: எடுத்தார்கள். அப்பாஸ் கியாரஸ்தமி 2002-இல் வெளிவந்த ‘டென்’ படத்தை டாஷ்போர்டில் பொருத்திய டிஜிட்டல் கேமராக்களைக் கொண்டு எடுத்தார். அதை முன்னுதாரணமாகக் காட்டுபவர்கள், அந்தப் படத்தின் அழகே அசையாத அந்த ஷாட்களில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். நீங்களோ ஒரே காட்சிக்கு ஆறு கோணம் கேட்பீர்கள். நடுவழி ஒன்று உண்டு: ஃபிரேமுக்கு வெளியே தேர்ந்த டிரைவர் ஒருவர் ஓட்ட, பக்கத்து இருக்கை நடிகரின் க்ளோஸப்பை நிஜச் சாலையில் எடுங்கள், ஓட்டுபவராக நடிப்பவரின் ஷாட்டை நிறுத்திய காரில் எடுங்கள். சாலையில் எடுப்பதற்குக் காவல் துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி அதிக ஒளியால் வெளுத்துப் போகிறது. ஜன்னலில் கறுப்பு ஜெல் ஒட்டி ஓட்டலாமா? (திருச்சி)

பதில்: நிறுத்திய காரில் தாராளமாக ஒட்டுங்கள். சாலையில் ஓடும் காரில் கூடாது. மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியைக் கடத்த வேண்டும். ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அளவு) ஜெல்லே பாதி ஒளியைத் தடுத்துவிடும். கண்ணாடி தானாகத் தடுப்பதையும் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும்.

கேள்வி: முன் கண்ணாடியில் வானம் பிரதிபலித்து முகத்தை மறைக்கிறது. (சேலம்)

பதில்: பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் மாட்டித் திருப்பிப் பாருங்கள், ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும். பக்கக் கண்ணாடி வழியாக எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். டஃபன்ட் (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடியில் போலரைசர் கறுப்புப் புள்ளிகளைத் தேமல்போல் காட்டும். முன் கண்ணாடி லாமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) என்பதால் அங்கே அந்தத் தொல்லை இல்லை. ஃபில்டர் கிடைக்காவிட்டால், பானெட்டுக்கு மேலே கறுப்புத் துணியை விரித்துப் பிடித்து வானத்தை மறையுங்கள்.

கேள்வி: நேரடி ஒலி எடுக்க முடியுமா? (புதுச்சேரி)

பதில்: நிறுத்திய காரில் மிக நன்றாக வரும், ஏனெனில் இருக்கை மெத்தைகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். சன் வைசரில் சிறிய மைக்கை ஒட்டி, ஏசியை அணைத்துவிடுங்கள். நிசப்தத்தில் நடிகர்கள் தம்மையறியாமல் படுக்கையறைக் குரலுக்கு இறங்கிவிடுவார்கள். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசுவதுபோல் குரலை உயர்த்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்னர் சேர்க்கும் ஓட்டச் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும். அந்தச் சத்தத்தையும் இணையத்தில் தேடாமல், அதே காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, 40 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.