சீட்டில் இருக்கிறது விஷயம்

கேள்வி: நான் அரசு ஊழியன். எங்கள் அலுவலகத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். பதவி உயர்வும் சீனியாரிட்டிப்படிதான். ‘ஆண் என்பதால் சலுகை’ என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?

பதில்: சீட்டில் இருக்கிறது சார், அதாவது யாருக்கு எந்த வேலை கொடுக்கிறார்கள் என்பதில். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு டெண்டர் ஃபைல்கள் கொடுத்தார்கள், எனக்குத் தபால் அனுப்புகிற டெஸ்பாட்ச். “உனக்கு அலைச்சல் வேண்டாம்மா” என்றார் சூப்பரின்டென்டென்ட். கரிசனம்தான், சந்தேகமில்லை. நீங்கள் சொல்கிற சீனியாரிட்டிப்படி இருவருக்கும் ஒன்றாகவே பதவி உயர்வு வந்தது. அவனுக்குக் கணக்குப் பிரிவு. எனக்கு? டெஸ்பாட்ச் அத்துப்படி என்பதால் அதற்கே மேற்பார்வை!

கூட்டம் என்றால் மினிட்ஸ் எழுத என் பக்கம்தான் திரும்புவார்கள். குனிந்து எழுதுகிறவள் எப்போது வாய் திறப்பது? ஒருநாள் வேண்டுமென்றே பேனா எடுத்துப் போகவில்லை. அதிகாரி தன் பேனாவை நீட்டினார்.

முன்பெல்லாம் இதை விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். கல்யாணமானால் பெண் வேலையை விட வேண்டும் என்ற தடை பிரிட்டிஷ் அரசுப் பணியில் 1946-ல்தான் போனது. அவர்களுடைய வெளியுறவுப் பணியிலும், அயர்லாந்து அரசுப் பணியிலும் 1973 வரை நீடித்தது. இந்திய வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்தப் பணியில் பதவி உயர்வு மறுக்கப்பட்ட சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அவருக்குப் பதவி உயர்வும் வந்தது, அந்த விதியையும் அரசு கைவிட்டது. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அப்படித்தானே என்று 1979 தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ண ஐயர் கேட்டார்.

விதியாக இருந்ததால் முத்தம்மா கோர்ட்டுக்குப் போக முடிந்தது. “அலைச்சல் வேண்டாம்மா” என்பதை எதிர்த்து நான் எங்கே மனு போடுவது? உங்கள் அலுவலகத்தில் யாருக்கு எந்த சீட் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கேள்வி: வெளியூர் டூட்டியைப் பெண்கள்தானே வேண்டாம் என்கிறார்கள்?

பதில்: நானும் ஒரே ஒரு தடவை சொன்னேன், பிள்ளைக்குக் காய்ச்சல். “அந்தம்மா வெளியூர் போகமாட்டாங்க” என்று எட்டு வருஷம் என்னைக் கேட்கவே இல்லை. பக்கத்து சீட்காரர் மூன்று தடவை மறுத்தார். நாலாவது தடவையும் அவரைத்தான் கேட்டார்கள்.