சார்லஸின் நோட்டுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காமிக்ஸ் பற்றிய உங்கள் கட்டுரை ஒன்றில் ‘க்ரம்ப்’ ஆவணப்படத்தை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு வாரமாகிறது, வேறு எதிலும் மனசு போகவில்லை.

ராபர்ட் க்ரம்ப் என்ற பெரிய கார்ட்டூனிஸ்டைப் பற்றிய படம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவருடைய அண்ணன் சார்லஸ் அம்மா வீட்டு அறையில் இருந்தபடி பேச ஆரம்பித்ததும் படம் அவருடையதாகிவிட்டது. அவ்வளவு படித்தவர், அவ்வளவு நகைச்சுவை உள்ளவர். சின்ன வயதில் தம்பிகளை வரைய வைத்தவரே அவர்தான். அவர் ஏன் அந்த அறையிலேயே நின்றுபோனார்? தம்பி மட்டும் எப்படி உலகப் புகழ் பெற்றார்? கலைதான் ராபர்ட்டைக் காப்பாற்றியது என்று விமர்சனங்களில் படித்தேன். அப்படியென்றால் சார்லஸை அது ஏன் காப்பாற்றவில்லை?

இன்னொன்றும் உறுத்துகிறது. தற்கொலைக்கு முயன்றதைப் பற்றிச் சார்லஸ் சொல்லும்போது ராபர்ட் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. நோயுற்ற ஒருவரை இப்படிப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவது சரியா? பெண்களையும் கறுப்பின மக்களையும் ராபர்ட் வரைந்திருக்கும் விதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிப்பட்டவரைப் படிக்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

இதையெல்லாம் கேட்க ஒரு காரணம் உண்டு. என் அண்ணனும் நன்றாக வரைவார். சில வருடங்களாக வேலைக்குப் போவதில்லை, மனநல சிகிச்சையில் இருக்கிறார். இந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

கா.

அன்புள்ள கா.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அவசரமானது. இப்போது வேண்டாம். படத்தின் முடிவில் திரையில் வரும் எழுத்துகளைக் கவனித்திருப்பீர்கள். சார்லஸ் 1992-ல், படம் வெளிவருவதற்கு முன்பே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சையில் இருக்கும் ஒருவர் அந்த முடிவைத் தனக்கு எழுதப்பட்டதாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அவருக்கே பார்க்க ஆசை வந்தால், அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். நீங்களும் சார்லஸின் முகத்தில் உங்கள் அண்ணனைத் தேட வேண்டாம். சார்லஸ் வளர்ந்த வீடு வேறு. அன்றைக்கு இருந்த வைத்தியமும் வேறு.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டெர்ரி ஸ்விகாஃப் இயக்கிய படம். 1994-ல் முடிந்து, 1995 சன்டான்ஸ் விழாவில் ஆவணப்படத்துக்கான பெரும் பரிசைப் பெற்றது. ஸ்விகாஃப் ராபர்ட்டின் பழைய நண்பர். பழைய காலத்துப் பாட்டுகளை வாசிக்கும் ஒரே குழுவில் இருவரும் இருந்தார்கள், ஸ்விகாஃப் செல்லோ வாசிப்பார். ராபர்ட் 1943-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் ‘ஸாப் காமிக்ஸ்’ முதல் இதழைக் கொண்டுவந்தார். முதல் பிரதிகளைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து ஹைட் தெருவில் விற்றார்கள். தணிக்கை முத்திரை பெற்ற கடைக் காமிக்ஸுக்கு வெளியே, வயதுவந்தவர்களுக்கான அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் என்று ஒன்று வேரூன்றியது அதிலிருந்துதான்.

இனி சார்லஸ். உங்கள் கேள்விக்குப் படத்தில் யாரும் வாயால் பதில் சொல்வதில்லை. ஆனால் ஒரு இடத்தில் பதில் கண்ணெதிரே கிடக்கிறது. சார்லஸின் பழைய நோட்டுகளைப் புரட்டிக் காட்டும் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். 1950-ல் டிஸ்னி எடுத்த ‘ட்ரெஷர் ஐலண்ட்’ படம் சார்லஸை ஆட்டிப்படைத்தது. அதில் ஜிம் ஹாக்கின்ஸாக நடித்த பாபி டிரிஸ்கால் என்ற சிறுவன்மேல் தனக்கிருந்த ஈர்ப்பை அவரே மனம்விட்டுச் சொல்கிறார். வருடக்கணக்கில் அந்தப் படத்தில் வரும் கடற்கொள்ளைக்காரனையும் சிறுவனையும் திரும்பத் திரும்ப வரைந்தார். ஆரம்ப நோட்டுகளில் கோடு துள்ளுகிறது. ராபர்ட்டின் சிறுவயதுப் படங்களைவிட அதில் உயிர் அதிகம் என்றுதான் நான் சொல்வேன். இன்னும் சில நோட்டுகள் தள்ளிப் போனால் உடைகளிலும் முகங்களிலும் மடிப்புகள் வரத் தொடங்குகின்றன. மடிப்புக்குள் மடிப்பு, சுருக்கத்துக்குள் சுருக்கம், கை நிற்க மாட்டேன் என்கிறது. அப்புறம் வசனப் பலூன்கள் பெருகுகின்றன. ஆட்கள் கட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்குகிறார்கள், பேச்சு மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் படமே இல்லை, எழுத்து மட்டும். கடைசியில் எழுத்தும் போய்விடுகிறது. எழுத்துபோலத் தெரிகிற பொடிக் கிறுக்கல்கள், வரிவரியாக, ஒரே சீராக, பக்கம் பக்கமாக.

அந்தப் பக்கங்களைப் பார்த்தபிறகு ‘கலை காப்பாற்றும்’ என்று என்னால் சொல்ல வரவில்லை. வரைவதை விட்டதால்தான் சார்லஸுக்கு இப்படி ஆயிற்று என்று நினைக்க முடியாது. பேனா ஓடிக்கொண்டேதான் இருந்தது. நோய் அந்தப் பக்கத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

ராபர்ட்டும் அதே வீட்டில்தான் வளர்ந்தார். அப்பா அமெரிக்க மரைன் படையில் இருந்தவர். பிற்பாடு, ஆட்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று ஒரு புத்தகமும் எழுதினார். அதே மனிதர், ராபர்ட்டுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அவனுடைய காறை எலும்பை உடைத்தார். அம்மா உடம்பு இளைக்கும் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டவர். இந்த வீட்டுக்குள் மூத்த மகன் தனக்கென்று ஒரு ராஜ்ஜியம் அமைத்துக்கொண்டு, தம்பிகளை அதில் வேலை வாங்கினார். காமிக்ஸ் வரையாவிட்டால் தான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்ற எண்ணம் அண்ணனால் வந்தது என்கிறார் ராபர்ட்.

வித்தியாசம் எங்கே என்று கேட்டால், ராபர்ட்டின் கோடு வீட்டை விட்டு வெளியே போயிற்று என்பேன். 1962-ல் அவர் கிளீவ்லாண்டுக்குப் போய் அமெரிக்கன் கிரீட்டிங்ஸ் என்ற வாழ்த்து அட்டை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் படம் ரொம்பக் கோரமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அழகாகப் போடு என்றார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லைதான். இருந்தாலும் சம்பளம் வந்தது, திருத்தம் வந்தது, பழைய ஜாஸ் இசைத்தட்டு சேகரிக்கும் ஹார்வி பீக்கர் மாதிரியான நண்பர் கிடைத்தார். 1965-ல் கார்ட்டூனிஸ்ட் ஹார்வி கர்ட்ஸ்மேன் தன் ‘ஹெல்ப்!’ பத்திரிகையில் அவருடைய ஃப்ரிட்ஸ் பூனைக் கதையைப் போட்டார். யாரோ பார்த்தார்கள், யாரோ பதில் சொன்னார்கள். சார்லஸ் வரைந்ததைப் பார்க்க வீட்டில் ஒரு தம்பி இருந்தான், அவனும் 1962-ல் கிளம்பிவிட்டான்.

இதனால் சார்லஸ் வெளியே போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆகிவிடாது. ஒரே வீட்டில் ஒருவருக்கு நோய் கடுமையாகவும் இன்னொருவருக்கு லேசாகவும் வரும், அதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை. ராபர்ட் பலசாலி, சார்லஸ் பலவீனர் என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. அதைவிடப் பெரிய கோபம், கலைஞன் என்றால் கொஞ்சம் கிறுக்கு இருந்தால்தான் ஆகும் என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அவர்கள்மேல். அந்தக் கிறுக்கல் பக்கங்களை அவர்கள் கையில் கொடுத்து, இதில் என்ன கலை இருக்கிறது சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்.

சிரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ராபர்ட் சிரிப்பதை மட்டும் கவனித்திருக்கிறீர்கள், சார்லஸின் முகத்தையும் பாருங்கள். அப்பா அடித்ததை, பள்ளியில் பட்ட அவமானத்தை, உயிரை விட முயன்றதை, எல்லாவற்றையும் அவர் கதை சொல்கிறவரின் நிதானத்தோடு, எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரிந்து சொல்கிறார். அண்ணன் சொல்வதும் தம்பி சிரிப்பதும் அவர்களுக்குள் சின்ன வயதிலிருந்து ஓடுகிற பழக்கம். அந்த அறையில் ராபர்ட் அழுதிருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும், சார்லஸுக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம். ராபர்ட் அங்கே பாதி பயத்தில் சிரிக்கிறார் என்றும் எனக்குப் படுகிறது. தனக்கும் இது நேர்ந்திருக்கலாம் என்று தெரிந்தவருடைய சிரிப்பு.

படம் பிடித்தது சரியா என்பதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. சகோதரிகள் இருவரும் பேச மறுத்துவிட்டார்கள், அதைச் சொல்லிவிட்டுப் படம் அவர்களை விட்டுவிடுகிறது. அது பெரிய விஷயம். சார்லஸைப் பொறுத்தவரை நான் பார்ப்பது இதைத்தான்: கேமரா வந்த நாட்களில் அவர் மறுபடி ஒரு கதைசொல்லியாக இருக்கிறார். அந்த அறைக்கு வெளியே யாரையும் சந்திக்காத மனிதரின் பேச்சை இவ்வளவு பேர் கேட்டது ஸ்விகாஃபால்தான். அதற்குச் சார்லஸ் கொடுத்த விலை என்ன என்று நாம் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் கேட்டதில் தவறில்லை.

இளைய தம்பி மாக்ஸனைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மலிவு விடுதி அறை, ஆணிப் பலகை, தெருவில் பிச்சை. நீளமான பருத்தித் துணியை அவர் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறாரே, அதைப் பார்த்து அமெரிக்கப் பார்வையாளர்கள் மிரண்டிருப்பார்கள். நமக்கு அது புதிதல்ல, ஹடயோகத்தில் வஸ்திர தௌதி என்று இருக்கிறது. ஆனால் அங்கே குரு பக்கத்தில் இருப்பார், துணியை வாய் வழியாகவே திரும்ப இழுத்துவிடுவார்கள். மாக்ஸனோ தனியாக உட்கார்ந்து அதைக் குடல் முழுக்கப் போகவிடுகிறார். தெருவில் பெண்களிடம் அத்துமீறியதையும் அவர் இதே சாதாரணக் குரலில் சொல்கிறார். படத்தில் எனக்குத் தாங்க முடியாமல் போன இடம் அது. அந்தப் பெண்கள் யாரும் இந்தப் படத்தில் பேசவில்லை.

இது ராபர்ட்டின் ஓவியங்களுக்கும் பொருந்தும். அவற்றை ஏற்க முடியவில்லை என்றால் ஏற்க வேண்டாம், பெரியவர் என்பதற்காகத் தயங்காதீர்கள். படத்திலேயே ‘மதர் ஜோன்ஸ்’ பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் டியர்ட்ரே இங்கிலிஷ் அதைச் சொல்கிறார். 1969-ல் ‘ஸாப்’ நான்காம் இதழில் வந்த ‘ஜோ ப்ளோ’ கதை, அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் போலித்தனத்தைக் கிண்டல் செய்வதாகத் தொடங்கி, வரைகிறவனின் சொந்தக் கிளர்ச்சியில் போய் முடிகிறது என்பது அவருடைய வாதம். கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ் அதே படத்தில் ராபர்ட்டைப் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ப்ரூகலோடு ஒப்பிடுகிறார். இரண்டையும் கேட்டபிறகு நான் டியர்ட்ரே பக்கம்தான் நிற்கிறேன், குறைந்தது அந்தக் கதை விஷயத்தில். ஏஞ்சல்ஃபுட் என்ற கறுப்பினப் பெண் பாத்திரமும் அப்படியே. இனவெறியைக் காட்டத்தான் வரைந்தேன் என்று சொல்லலாம், ஆனால் அந்தக் கோட்டில் இருக்கும் குதூகலம் வேறு கதை சொல்கிறது. ராபர்ட்டும் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளப் பெரிதாக முயல்வதில்லை. தன்னிடமிருந்து பென்சிலைப் பிடுங்கிவிட வேண்டுமோ என்னவோ என்கிறார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? 1979-ல் அவர் வரைந்த ‘அமெரிக்காவின் சுருக்க வரலாறு’ தேடினால் கிடைக்கும். பன்னிரண்டே கட்டங்கள், ஒரே இடம். முதலில் புல்வெளியும் மரங்களும், அப்புறம் ஒரு ரயில், ஒரு வீடு, மண் சாலை, கடை, கார்கள். மின்கம்பிகள் கூடிக்கொண்டே போய்க் கடைசிக் கட்டத்தில் வானத்தையே கோடு போட்டுவிடுகின்றன. இந்தக் கம்பங்களையும் கம்பிகளையும் மனதிலிருந்து வரைய முடியாது என்று, தெருமுனைகளைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு வரைந்ததைப் படத்தில் காட்டுகிறார். நாம் தினமும் பார்த்தும் பார்க்காத பொருட்களை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த கை அது. அவரை நான் பெரிய கலைஞர் என்று சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து, 1993-ல் டேவிட் மைரோவிட்ஸ் எழுத்தோடு, எழுத்தாளர் காஃப்காவைப் பற்றி வந்த புத்தகம். அதன்பின் 2009-ல் வந்த, பைபிளின் முதல் நூலான ஆதியாகமம். 50 அதிகாரங்களையும் ஒரு வசனம் விடாமல், கேலி இல்லாமல் வரைந்திருக்கிறார். வம்சப் பட்டியல் வரும் இடங்களில்கூடப் பெயர்களுக்கு முகம் கொடுத்திருக்கிறார், அங்கே வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடாதீர்கள். இந்த மூன்றையும் முடித்துவிட்டு ‘ஸாப்’ பழைய இதழ்களை எடுங்கள். ‘ஜோ ப்ளோ’வை மட்டும் படிக்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.